நடுக்கதவைத் திறந்த நாள்

போன மாதம் வசந்தி தொலைபேசி எடுத்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு, நான் வேலை செய்த மாளிகையின் சாப்பாட்டு அறைகளுக்கு அவர்தான் பொறுப்பு.

"அண்ணை, வாற கிழமை ஒரு நாட்டின்ரை ரெண்டு பகுதியும் இஞ்சை வருகினம். ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாக்க மாட்டினமாம். ஆனா ஒரே நேரத்திலை சாப்பாடு குடுக்க வேணுமாம். நீங்கள் அந்த ஆப்கானிஸ்தான்காரருக்கு என்னெண்டு செய்தனீங்கள்? ஒருக்காச் சொல்லுங்கோவன்."

தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விசயமில்லை அது. எழுதித் தாறன் பிள்ளை என்றேன். எழுத உட்கார்ந்தபோது மேசை போட்ட விதத்தை விட, அந்த மேசைக்கு வந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் கை கூடுதலாக எழுதியது. வசந்தி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிரான்சுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். பரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் பாத்திரம் கழுவினேன். பிறகு மரக்கறி வெட்டினேன், தட்டுத் தூக்கினேன், பிரெஞ்சு பழகினேன். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற நிலைக்கு வரப் பத்து வருசத்துக்கு மேலாயிற்று. தமிழர் கூடுகிற லா சப்பல் பகுதியில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் கதை இதுதான். அதனால் இதோடு விடுகிறேன்.

அந்த மாளிகை பரிஸ் நகரத்துக்கு வடக்கே, காட்டோரத்தில் இருக்கிறது. கார் து நோரில் ரயில் எடுத்துப் போய், பிறகு பஸ்ஸில் கொஞ்ச தூரம். பத்திரிகைக்காரருக்குத் தெரியாமல் ஆட்கள் சந்தித்துப் பேச வேண்டுமென்றால் அங்கேதான் கூட்டி வருவார்கள். கம்பனிக்காரரும் வருவார்கள், நாடுகளும் வரும். நான் அங்கே சேர்ந்தபோது நிர்வாகி மதாம் எலேன். ஒல்லியான மனுசி. தலைமயிரை வழித்து இறுக்கிக் கட்டியிருப்பார். அவர் சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிழை விட்டால் பக்கத்தில் வந்து நின்று, "மெஸ்யே தாசன், மறுபடி தொடங்குவோம்" என்பார். அந்த 'வோம்' தான் ஆளைக் கொல்லும். பிழை விட்டது நான், ஆனால் திரும்பச் செய்வது இரண்டு பேரும்.

விருந்தாளிகள் வருவதற்கு முதல்நாள் அவர் ஒரு வேலை செய்வார். மேசையைச் சுற்றியிருக்கிற ஒவ்வொரு கதிரையிலும் தானே போய் இருந்து பார்ப்பார். அந்த இடத்திலிருந்து என்ன தெரிகிறது, முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, கண்ணில் வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கதிரைக்குப் போவார். முதல் தடவை எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பிறகு என்னையும் அப்படி இருத்திப் பழக்கினார்.

"போரில் வாழ்ந்தவர்கள் கதவுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டார்கள்," என்றார் ஒருமுறை. "அவர்கள் அதைச் சொல்லவும் மாட்டார்கள். சாப்பிடாமல் எழும்பிப் போவார்கள். நாங்கள் சூப் சரியில்லை என்று நினைப்போம்."

அது எனக்கு விளக்கம் தேவைப்படாத விசயம். நானும் எந்தக் கடைக்குள் போனாலும் சுவரோடு ஒட்டின கதிரையைத்தான் பார்ப்பேன்.

ஆப்கானிஸ்தான்காரர் வந்தது எங்கள் ஊரில் யுத்தம் முடிந்து சில வருசங்களுக்குப் பிறகு. அப்போது அவர்களுடைய நாட்டில் வெளிநாட்டுப் படைகள் இருந்தன. ஒரு பக்கம், அந்தப் படைகளின் பாதுகாப்பில் இருந்த அரசாங்கத்தின் ஆட்கள். மற்றப் பக்கம், அந்தப் படைகளையும் அரசாங்கத்தையும் எதிர்த்துச் சண்டை பிடித்தவர்கள். ஒருவரை ஒருவர் கொன்றவர்கள். பேச ஒத்துக்கொண்டார்கள், ஆனால் சேர்ந்து சாப்பிட ஒத்துக்கொள்ளவில்லை.

மாளிகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாப்பாட்டு அறைகள் இருந்தன. நடுவில் ஒரு இரட்டைக் கதவு. அதைப் பூட்டினோம். நிலைக்கண்ணாடிகளைத் துணியால் மூடினோம். மதுக் கிண்ணங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பார்பெஸில் எனக்குத் தெரிந்த கடையில் ஹலால் ஆட்டிறைச்சி எடுத்தேன். லா சப்பலில் பாஸ்மதி அரிசி மூட்டை எடுத்தேன். சமைக்க ஒரு ஆப்கான் சமையற்காரரைக் கூப்பிட்டோம். எந்தப் பக்கத்துக்கு முதலில் பரிமாறினாலும் மற்றப் பக்கம் குறை சொல்லும். ஆகவே ஒரு அறைக்கு நானும் மற்ற அறைக்கு என்னோடு வேலை செய்த இன்னொருவரும், வேளைக்கு வேளை அறை மாற்றிக்கொண்டு, சமையலறையிலிருந்து ஒரே அடியில் வெளிக்கிட வேண்டும். மதாம் நடுவில் நின்று தலையசைப்பார். அதுதான் சைகை. வசந்தி, நீர் கேட்டது இதுதானென்றால் இவ்வளவுதான் விசயம். மிச்சத்தை நாங்கள் எங்கேயும் படித்திருக்கவில்லை.

அரசாங்கப் பக்கத்துக்குத் தலைவர் ஒரு வயதானவர். அவருடைய ஆட்கள் அவரை ஹாஜி என்றார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். முன்னர் பாடசாலை அதிபராக இருந்து அரசியலுக்கு வந்தவர். வெள்ளைத் தாடி, ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். முதல் நாளே பரிமாறிய ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார், அடுத்த நாள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அவருடைய மூத்த மகன் சந்தையில் வெடித்த குண்டில் செத்தவன் என்று மொழிபெயர்ப்பாளர் பரீத் எங்களுக்குச் சொன்னார். அந்தக் குண்டை வைத்தவர்கள் பக்கத்து அறையில் இருந்தவர்களின் ஆட்கள்.

பக்கத்து அறையின் தலைவரை எல்லோரும் மௌலவி என்றார்கள். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். ஆனால் தட்டு வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்வார். வெளிநாட்டுப் படைகள் அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் வருசக் கணக்கில் அடைத்து வைத்திருந்தார்களாம்.

இரண்டு நாள் பேச்சு நடந்தது. நல்லபடியும் இல்லை, முறியவும் இல்லை. மூன்றாம் நாள் காலை மௌலவிக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. வெளிநாட்டு விமானம் ஒன்று அவருடைய மூத்த அக்காவின் வீட்டில் குண்டு போட்டுவிட்டது. அக்கா செத்துவிட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும்கூட.

கொஞ்ச நேரத்துக்குள் மௌலவி பக்கத்தாரின் பெட்டிகள் எல்லாம் நடைவழிக்கு வந்துவிட்டன. வாகனங்களைக் கூப்பிடச் சொன்னார்கள். ஏற்பாட்டாளர்கள் ஓடித் திரிந்தார்கள். நான் அரசாங்கப் பக்கத்து அறையில் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஹாஜியைச் சுற்றி அவருடைய ஆலோசகர்கள் நின்றார்கள். நல்ல கோட்டுப் போட்ட இளம் ஆட்கள். அவர்களில் ஒருவர், வெளிநாட்டில் படித்தவர், ஆங்கிலத்தில்தான் பேசினார். அது எனக்கு ஓரளவு விளங்கியது.

"அந்த வீட்டில் ஆயுதக்காரர் இருந்ததாகப் படைத்தரப்புச் சொல்கிறது. விசாரணை முடியும்வரை நாங்கள் எதுவும் சொல்லக் கூடாது. அந்தப் படைகள் போனால் எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை, ஹாஜி."

ஹாஜி தன்னுடைய பாஷையில் பதில் சொன்னார். பிறகு பரீத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஒரு கிழவி செத்திருக்கிறாள். அவளுக்காகத் துக்கம் விசாரிக்கவும் விசாரணை முடிய வேண்டுமா? நான் அவர்களுடைய ஆள் இல்லை. அவர்கள் வந்து இருக்கிற நாட்டின் ஆள்."

அப்படிச் சொல்லிவிட்டு எழும்பி, காலை இழுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்துவிட்டார். எந்தத் தூதுக்குழுத் தலைவரும் அதுவரை அந்தச் சமையலறைக்குள் வந்ததில்லை. பரீத் பின்னால் ஓடி வந்தார், மதாமும் வந்தார்.

"எங்களுடைய ஊரில் செத்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்ட மாட்டார்கள்," என்றார் ஹாஜி. "அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இங்கே அவருக்கு அயலவர் யார்? நாங்கள்தானே?"

பரீத் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் என் வாய் என்னைக் கேட்காமலே, "எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றது. விருந்தாளி பேசும்போது நாங்கள் பேசக் கூடாது. மதாம் என்னைப் பார்த்தார். ஹாஜிக்கு அதைப் பரீத் சொன்னார். அவர் என் தோளில் கையை வைத்து, "அப்படியானால் இவருக்குத் தெரியும். ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் வையுங்கள்" என்றார்.

தட்டைத் தயார் செய்தேன். அந்த அறைக்குப் போக நடைவழியால் போகலாம், ஆனால் அங்கே பெட்டிகளோடு ஆட்கள் நின்றார்கள், தடுத்திருப்பார்கள். மிச்சம் நடுக்கதவுதான். இரண்டு பக்கமும் சம்மதிக்காமல் அந்தக் கதவைத் திறப்பதில்லை என்பது முதல் நாளே எழுத்தில் கொடுத்த வாக்கு. பிரெஞ்சுப் பக்கத்துப் பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்து, "மதாம், திறக்கக் கூடாது. அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. முதலில் அவர்களைக் கேளுங்கள்" என்றார்.

மதாம் எலேன் தட்டையும் ஹாஜியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேட்டால் அவர் மறுக்கத்தான் வேண்டும். அவருடைய ஆட்களுக்கு முன்னால் வேறு பதில் சொல்ல முடியாது," என்றார். "கேட்காமல் திறந்தால் பிழை என்னுடையது. அவர் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "மெஸ்யே தாசன், திறவுங்கள்."

வேலை போனாலும் போகும் என்று தெரிந்துதான் அவர் அதைச் சொன்னார். அந்தக் குரலில் வழக்கத்தை விட ஒரு சொட்டும் கூடவோ குறையவோ இல்லை.

திறப்பைப் போட்டுத் திருப்பினேன். இரண்டு கதவையும் தள்ளினேன். அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். மௌலவி மட்டும் சுவரோரம் இருந்தார். ஹாஜி தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். ஒரு அடி உள்ளே வைக்கவில்லை. நான் ரொட்டிக் கூடையோடு அவருக்குப் பின்னால் நின்றேன். பரீத் மதாமின் காதுக்குள் மொழிபெயர்த்தது எனக்கும் கேட்டது.

"மௌலவி சாகிப், உங்கள் அக்காவுக்காக வந்திருக்கிறேன். என்னை அரசாங்கம் அனுப்பவில்லை. உள்ளே வரலாமா?"

மௌலவியின் ஆட்களில் ஒருவர் கத்தினார். "குண்டு போட்டவனோடு இருந்து சாப்பிடுகிற ஆள் நீ!"

"ஆம், சாப்பிட்டிருக்கிறேன்," என்றார் ஹாஜி. "நாளைக்கும் அவர்களோடு பேச வேண்டியிருக்கும். இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன்."

தட்டு பாரம். வயதான கை. தட்டின் விளிம்பு ஆடத் தொடங்கியது. சோறு சரியப் போகிறது என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். மதாம் விரலை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. இருபது வருசமாக ஒரு தட்டையும் விழ விட்டதில்லை நான். அன்றைக்கு அது விழுந்தாலும் விழட்டும் என்று நிற்க வேண்டியிருந்தது.

மௌலவி நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். எழும்பி வந்தார். ஹாஜியின் முகத்துக்கு நேரே நின்றார். பிறகு தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதை உள்ளே கொண்டுபோய்க் கம்பளத்தில் வைத்தார்கள். நாங்கள் கதிரைகளை எடுத்து வெளியே வைத்தோம்.

எல்லோரும் நிலத்தில் இருந்தார்கள். கையேந்தித் துஆ ஓதினார்கள். மௌலவி ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை ஹாஜியிடம் நீட்டினார்.

"உங்கள் மகனின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"ஹமீத்."

"ஹமீதுக்காக நான் உங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை," என்றார் மௌலவி.

நான் ஹாஜியை அதிகம் மதித்தது அதற்குப் பிறகு நடந்ததால்தான். துக்க வீட்டுக்கு வந்துவிட்டேன், பெரிய மனிதன் ஆகிவிட்டேன் என்று அவர் எழும்பிப் போகவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் சொன்னார். "சந்தையில் குண்டு வைப்பதை நிறுத்த உங்களால் முடியும். விமானத்தை நிறுத்த என்னால் முடியுமோ தெரியாது. ஆனால் அதைப் பற்றி இனி வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். அதை உங்களுக்காகச் செய்யவில்லை. நீங்கள் உங்கள் பங்கைச் செய்யாவிட்டாலும் செய்வேன்."

பெட்டிகள் திரும்ப அறைகளுக்குள் போயின. அன்று பின்னேரமும் அடுத்த நாளும் பேசினார்கள். நடுக்கதவை நாங்கள் பிறகு பூட்டவில்லை. பூட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை.

அந்தப் பேச்சு அவர்களுடைய நாட்டுக்குச் சமாதானத்தைக் கொண்டுவரவில்லை. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அவர்கள் ஒத்துக்கொண்டது ஒரேயொரு விசயம். எந்தப் பக்கத்து ஆள் எங்கே செத்தாலும், ஒரு நிபந்தனையும் இல்லாமல் உடலை வீட்டுக்காரரிடம் கொடுப்பது. ஹாஜி ஊருக்குப் போய் மௌலவியின் அக்காவின் வீட்டில் நடந்ததை வானொலியில் பெயர் சொல்லிப் பேசினார். அடுத்த தடவை பேச்சுக்கு அவரை அனுப்பவில்லை. அவர் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தன்னுடைய ஊரிலேயே இருந்துகொண்டு, உடல்களையும் பிடிபட்டவர்களையும் இரண்டு பக்கத்திலும் கேட்டு வாங்கிக் கொடுக்கிற வேலையைச் செய்தார். பல வருசம் கழித்து, நோயில், தன் வீட்டுக் கட்டிலிலேயே இறந்தாராம். பரீத்தான் சொன்னார்.

மதாம் எலேனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "நான் திறக்கச் சொன்னேன்" என்று ஒரு வரியில் பதில் எழுதினார். வேலை போகவில்லை.

ஹாஜி உயிரோடு இருந்தபோது அவரை நான் இன்னொரு தடவை சந்தித்தேன். கண் வைத்தியத்துக்காகப் பரிஸுக்கு வந்திருந்தார். பரீத் தொலைபேசி எடுத்து, "உன்னைப் பார்க்க வேண்டுமாம். நீ இருக்கிற இடத்துக்கே வருகிறாராம்" என்றார். கார் து நோரில் போய் அவரையும் பரீத்தையும் கூட்டிக்கொண்டு வந்தேன். லா சப்பலைச் சுற்றிக் காட்டினேன். புடவைக் கடை, நகைக் கடை, இடியப்பம் விற்கிற கடை எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தார். நடந்துகொண்டே எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டார். எங்களிடமும் ஒரு காலம் வேறு நாட்டு இராணுவம் வந்து இருந்தது என்று சொன்னேன். எங்கள் இயக்கப் பெடியளில் ஒரு பகுதி அவர்களோடு நின்றது, ஒரு பகுதி எதிர்த்தது என்றேன். அந்த நேரம் என் தம்பி அன்ரனை, இராணுவத்தோடு நின்ற எங்கள் ஆட்களே வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், பிறகு அவன் வரவில்லை என்றும் சொன்னேன்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் போகும்போது ஒரு கடை வாசலில் மாதுளம்பழம் குவித்திருந்தது. ஹாஜிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னுடைய ஊர்ப் பழம் என்று நேரே கடைக்குள் போய்விட்டார். நான் வெளியே நின்றுவிட்டேன். அது குணத்தின் கடை. குணம் என் ஊர்தான். அன்ரனைக் கொண்டுபோன ஆட்களின் இயக்கத்தில் இருந்தவன். இருபது வருசத்துக்கு மேலாக ஒரே தெருவில் இருக்கிறோம். அவன் கடைக்குள் நான் போனதில்லை, அவனும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

ஹாஜி உள்ளே இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். விருந்தாளி கூப்பிடும்போது எப்படி நிற்பது? போனேன்.

குணம் கல்லாவுக்குப் பின்னால் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. கடைசியில், "வா தாசன்" என்றான். பிறகு, "தேத்தண்ணி போடட்டோ?" என்றான்.

ஹாஜி இரண்டு பேரையும் பார்த்தார். எந்த ஊர் என்று பரீத் மூலம் குணத்தைக் கேட்டார். குணம் ஊர்ப் பெயரைச் சொன்னான். நான் சற்று முதல் சொன்ன அதே பெயர். ஹாஜி பரீத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே போய் மாதுளம்பழம் பொறுக்கத் தொடங்கிவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்து, வைத்து, மறுபடி எடுத்து, நீண்ட நேரம் பொறுக்கினார்.

குணம் போட்டு வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"அன்ரன்ரை விசயத்திலை நான் இல்லை," என்றான் குணம். "சத்தியமா இல்லை. அண்டைக்கு நான் வேறை இடத்திலை நிண்டனான்."

"எனக்குத் தெரியாது குணம்."

"ஆனா அவன்ரை உடம்பை எங்கை தாட்டவை எண்டு எனக்குத் தெரியும்."

கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நானா வந்து சொன்னா, நீதானே செய்தனி எண்டு கேப்பாய். ஆரும் வந்து கேட்டா சொல்லுவம் எண்டு இருந்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை." அவன் கண்ணைத் துடைத்தான். "ஊரிலை பழைய அரிசி மில் இருக்கெல்லோ, அதுக்குப் பின்வளவு. மதிலோடை ஒரு வேம்பு நிண்டது. அதுக்குக் கீழை. அவன் மட்டும்தான்."

ஹாஜியைத் திரும்பக் கொண்டுபோய் ரயிலில் ஏற்றியபோது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாதுளம்பழப் பையிலிருந்து பாதியை எடுத்து என் கையில் தந்தார். நெஞ்சில் கை வைத்தார். அவ்வளவுதான்.

எங்கள் சின்னக்கா இன்னும் ஊரில் இருக்கிறார். அன்றைக்கே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் சுவாமியாரையும் கூட்டிக்கொண்டு மில் வளவுக்குப் போயிருக்கிறார். வளவுக்காரர் ஒரு மறுப்பும் சொல்லாமல் கேற்றைத் திறந்து விட்டாராம். வேம்பு நிற்கிறதாம். நான் பரிஸில், அவர் அங்கே நின்று எடுத்த தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். சுவாமியார் செபம் சொல்லுகிற சத்தம் கேட்டது, பிறகு காற்றுச் சத்தம்.

"தாசன்," என்றார் சின்னக்கா. "சுவாமியார் போயிட்டார். நீ தொலைபேசியை வையடா. நான் இஞ்சை தம்பியோடை கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்."